மக்காச்சோளத்தோட ஈரத்துக்கு யார் காசு கொடுக்கிறது?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தியிருக்கிறோம். பேச்சு நடை அங்கங்கே அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

சேலத்துல இருந்து ஆத்தூர் வழியா சென்னைக்கு பஸ்ல போனவங்களுக்கு இது தெரிஞ்சிருக்கும். அறுவடை சீசன்ல வாழப்பாடி, பெத்தநாயக்கன்பாளையம் பக்கம் ரோட்டோரத்துல, கிடைக்கிற சிமென்ட் தரையில எல்லாம் மஞ்சளா மக்காச்சோளம் காயும். ஒருத்தர் காலாலயே வரி வரியா கிளறிவிட்டுட்டு நடப்பார். மேகம் கறுத்தா வீட்டுல இருக்கிற எல்லாரும் தார்ப்பாயோட ஓடி வருவாங்க.

பைக்ல போறவங்க "ரோட்டை அடைச்சுட்டாங்களே"னு திட்டிட்டுப் போறோம். நியாயமான கோபம்தான், ராத்திரியில அது நிஜமாவே ஆபத்து. ஆனா அங்க நடக்கிற வேலை நம்ம காலைச் சாப்பாட்டு முட்டையோட நேரடியா சம்பந்தப்பட்டது.

அந்த மக்காச்சோளத்துல பெரும் பகுதி போற இடம் நாமக்கல். ரெண்டு மணி நேர லாரிப் பயணம். முட்டைக்கோழி ஒரு நாளைக்கு சுமார் 110 கிராம் தீவனம் சாப்பிடும். அதுல ஏறக்குறைய பாதி மக்காச்சோளம். அடுத்த பெரிய பங்கு சோயா புண்ணாக்கு. அப்படின்னா ஒரு முட்டைக்குப் பின்னாடி ஒரு கைப்பிடி மக்காச்சோளம் இருக்கு. சத்துணவுத் தட்டுல வைக்கிற முட்டைக்கும் இதே கணக்குதான்.

இன்னைக்கு எபிசோடு அந்தக் கைப்பிடி தானியத்தோட தரத்தைப் பத்தி. அறுவடையில இருந்து குடோன் வரைக்கும் அதுக்கு என்ன ஆகுது, யார் அதைக் காப்பாத்துறாங்க, அதுக்கு யார் செலவு பண்றாங்க. வாங்க, உள்ள போகலாம்.

தானியம் மூச்சு விடும்

முதல்ல ஒரு அடிப்படை. மூட்டையில இருக்கிற மக்காச்சோளம் செத்த பொருள் இல்ல. அது விதை. ஆக்சிஜனை எடுத்துக்கிட்டு, தன்கிட்ட இருக்கிற மாவுச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமா எரிச்சு, கார்பன் டை ஆக்சைடு, தண்ணி, சூடு மூணையும் வெளிய விடும். நல்லா காய்ஞ்ச மணி ரொம்ப மெதுவா மூச்சு விடும். ஈரமான மணி வேகமா விடும்.

இங்கதான் சிக்கல். ஈரம் அதிகமா இருந்தா மூச்சு வேகம், அதனால சூடும் தண்ணியும் வருது, அந்தத் தண்ணி ஈரத்தை இன்னும் ஏத்துது. ஒரு கோடு தப்பா எழுதின லூப் மாதிரி தன்னைத் தானே கூட்டிக்கிட்டே போகும். அதனாலதான் அனுபவப்பட்ட மண்டிக்காரர் மூட்டை நடுவுல கையை விட்டுப் பார்க்கிறார். உள்ள வெதுவெதுன்னு இருந்தா எதுவோ ஆரம்பிச்சிருச்சுன்னு அர்த்தம்.

மக்காச்சோளம் அறுவடைக்கு வரும்போது ஈரம் சாதாரணமா 20லிருந்து 25 சதவீதம். பத்திரமா வைக்க 14க்கு கீழ வரணும். பல மாசம் வைக்கணும்னா 12, 13. இதுல இருந்து ஒரு முக்கியமான விஷயம் புரியும்: குடோன் தரத்தை உருவாக்காது. அறுவடை அன்னைக்கு இருக்கிற தரம்தான் உச்சம். அதுக்கப்புறம் செய்யற எல்லாமே அது இறங்கற வேகத்தைக் குறைக்கிற வேலை மட்டும்தான்.

மழையும் பனியும்

சேலம் பக்கம் ஆடிப்பட்டத்துல விதைச்ச மானாவாரி மக்காச்சோளம் நூறு, நூத்திப் பத்து நாள்ல முத்தும். காலண்டரைப் பாருங்க: ஐப்பசி, கார்த்திகை. வடகிழக்குப் பருவமழை நேரா தலைமேல. காய வைக்க வேண்டிய வாரத்துல வெயிலே இருக்காது.

மழை விட்டு மார்கழி வந்தா பனி. பகல் முழுக்கக் காய்ஞ்ச தானியத்தை ராத்திரி திறந்து விட்டா, விடியறதுக்குள்ள இழந்த ஈரத்துல ஒரு பங்கைத் திரும்ப இழுத்துக்கும். அதனால சாயங்காலமே குவிச்சு மூடணும், காலையில பனி விலகின பிறகு பரப்பணும். கனமா குவிக்காம ரெண்டு மூணு விரல்கடை உயரத்துக்குப் பரப்பி, அடிக்கடி கிளறணும். இல்லன்னா மேல காய்ஞ்சு அடி ஈரமா நிற்கும். வெறும் மண் தரையில போட்டா மண்ணோட ஈரமும் பூஞ்சண வித்தும் சேர்ந்து ஒட்டும். சிமென்ட் களம் இருந்தா இந்தக் கவலை பாதி குறையும். களம் இல்லாதவங்களுக்கு ரோடுதான் களம். தார் ரோடு சீக்கிரம் சூடாகும், ஆனா கல், தூசி, டயர்ல நசுங்கின மணி எல்லாம் கூடவே வரும்.

காய்ஞ்சிருச்சான்னு எப்படித் தெரியும்? பல்லுல கடிச்சா கடக்குனு உடையணும், இது ஊர் முறை. கையடக்க ஈரமானி இருந்தா நல்லது. ரெண்டும் இல்லாட்டி ஒரு எளிய சோதனை இருக்கு. நல்லா காய்ஞ்ச கண்ணாடி பாட்டில்ல ஒரு பங்கு காய்ஞ்ச தூள் உப்பு, ரெண்டு மூணு பங்கு தானியம் போட்டு மூடி, நல்லா குலுக்கி, பதினைஞ்சு நிமிஷம் விட்டுப் பாருங்க. உப்பு பாட்டில் சுவத்துல ஒட்டினா ஈரம் சுமார் 15 சதவீதத்துக்கு மேல இருக்கு. ஒட்டாம கீழ விழுந்தா மூட்டை கட்டலாம். செலவே இல்லாத சென்சார்.

கண்ணுக்குத் தெரியாத விஷம்

ஈரம் 17, 18ஐத் தாண்டினா, நம்ம ஊர் வெப்பத்துல ஆஸ்பர்ஜில்லஸ் ஃப்ளேவஸ்ங்கிற பச்சை மஞ்சள் பூஞ்சணம் குஷியா வளரும். அது உற்பத்தி பண்ற விஷம் அஃப்ளாடாக்சின். பேரே பூஞ்சணத்தோட பேர்ல இருந்து வந்ததுதான்.

1960ல இங்கிலாந்துல ஒரு லட்சத்துக்கும் மேல வான்கோழிகள் செத்து விழுந்தப்போதான் இது முதல்முறையா வெளிச்சத்துக்கு வந்தது. பிரேசில்ல இருந்து வந்த கடலைப் புண்ணாக்குல இருந்த பூஞ்சணம்தான் காரணம்னு கண்டுபிடிச்சாங்க. மனுஷங்க மேல விழுந்த அடி நம்ம நாட்டுலயே நடந்தது. 1974 கடைசியில குஜராத் பஞ்சமகால், ராஜஸ்தான் பன்ஸ்வாரா பகுதிகள்ல மக்காச்சோளமே முக்கிய உணவா இருந்த பழங்குடி கிராமங்கள்ல கல்லீரல் நோய் பரவுச்சு. நூறு பேருக்கு மேல இறந்தாங்க. அறுவடை நேரத்துல பெய்த பருவம் தப்பின மழை, சரியா காயாத கதிர், அதை அப்படியே சேமிச்சு வெச்சது. கதை அவ்வளவுதான். மருந்து, உரம், கலப்படம் எதுவும் இல்ல. வெறும் ஈரம்.

அஃப்ளாடாக்சின் பி1 மனுஷனுக்குப் புற்றுநோய் உண்டாக்கும்னு உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு முதல் பிரிவுலயே வகைப்படுத்தியிருக்கு. கொதிக்கிற தண்ணி, இட்லிப்பானை ஆவி, தோசைக்கல் சூடு எதுலயும் இது முழுசா அழியாது.

பயப்பட வேண்டாம், முட்டைக்கு இது கடந்து போறது ரொம்பக் குறைவு. அடி வாங்கறது கோழி. கல்லீரல் கெடும், நோய் எதிர்ப்பு குறையும், முட்டை எண்ணிக்கை இறங்கும். பண்ணைக்காரருக்கு இது நேரடி நஷ்டம். அதனாலதான் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில தீவனத்தைச் சோதிக்கவே தனி ஆய்வகம் வெச்சிருக்காங்க.

பால் கதை வேற. மாடு சாப்பிட்ட தீவனத்துல இருக்கிற அஃப்ளாடாக்சின்ல ஒரு சிறு பகுதி, எம்1ங்கிற வடிவத்துல பாலுக்கே வந்துரும். 2018ல எஃப்எஸ்எஸ்ஏஐ நாடு முழுக்க 6,432 பால் மாதிரிகளைச் சோதிச்சாங்க. 368 மாதிரிகள்ல எம்1 அளவு வரம்பைத் தாண்டியிருந்துச்சு. தமிழ்நாட்டுல எடுத்த 551ல 88. பட்டியல்ல முதல் இடம் நமக்கு. பால்ல தண்ணி கலக்கறாங்கன்னு காலங்காலமா பேசறோம். மாட்டுத் தீவனத்துல இருக்கிற ஈரத்தைப் பத்தி யாரும் பேசறதில்ல.

இன்னொரு கணக்கு. தானியத்துக்கு எஃப்எஸ்எஸ்ஏஐ வரம்பு கிலோவுக்கு 15 மைக்ரோகிராம். ஒரு டன்ல வெறும் 15 மில்லிகிராம். அது டன் முழுக்க சமமா பரவியும் இருக்காது. ஆயிரக்கணக்கான நல்ல மணிக்கு நடுவுல சில மணிகள்ல மட்டும் மொத்த விஷமும் இருக்கும். லாரியில மேல இருக்கிற ஒரு மூட்டையில குத்தூசி போட்டு ஒரு கைப்பிடி எடுத்தா, "சுத்தம்"னு ரிசல்ட் வர வாய்ப்பு அதிகம். என் வேலையில கோடிக்கணக்கான ரெக்கார்டுல நாலு தப்பான ரெக்கார்டைத் தேடறது மாதிரி: முதல் நூறை மட்டும் பார்த்துட்டு சரின்னு சொல்ல முடியாது. பல மூட்டையில, பல ஆழத்துல எடுத்து, ஒண்ணா அரைச்சு, கலந்து சோதிக்கணும். கடைசியில சோதிச்சுப் பிடிக்கலாம்ங்கிற நம்பிக்கை பலவீனமானது. ஆரம்பத்துல காய வைக்கிறதுதான் பலமான பாதுகாப்பு.

ஏன் ஈரமாவே விற்கிறாங்க?

இதுதான் இன்னைக்கு எபிசோடோட மையம். ஒரு கணக்கு போடுவோம். மக்காச்சோளத்துக்கு 2025-26 குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,400 ரூபாய். மண்டி விலை இதுக்குக் கீழயும் மேலயும் ஆடும், கணக்குக்காக இதையே வெச்சுக்குவோம்.

20 சதவீத ஈரத்துல 100 கிலோ இருக்கு. அதுல 80 கிலோ தானியம், 20 கிலோ தண்ணி. இதை 14 சதவீதத்துக்குக் காய வெச்சா தானியம் அதே 80 கிலோ, ஆனா மொத்த எடை 93 கிலோ. ஏழு கிலோ ஆவியாயிடுச்சு. 93 கிலோவுக்குக் கிடைக்கிறது 2,232 ரூபாய். காய வெச்ச விவசாயி 168 ரூபாயை வெயில்ல கரைச்சுட்டார். ஏக்கருக்கு 30 குவிண்டால் விளைஞ்சா 5,040 ரூபாய். இதுல களத்து ஆள் கூலி, தார்ப்பாய், ராத்திரிக் காவல் எதையும் சேர்க்கல.

இப்ப வியாபாரி ஈர மக்காச்சோளத்துக்கு 5 சதவீதம் கழிச்சு எடுக்கிறார்னு வைங்க. ஈரமா கொடுத்தா 2,280, காய வெச்சா 2,232. எந்தப் புத்திசாலியும் ஈரமாத்தான் கொடுப்பார். கழிவு ஏழு சதவீதத்தைத் தாண்டி, கூலியையும் ஈடு கட்டினாதான் காய வைக்கிறதுல அர்த்தம் இருக்கு. அதுமட்டும் இல்ல, வானம் கறுத்திருக்கு, கடன் தவணை நிற்குது. லாரி வாசல்ல வந்து நிக்கிறப்போ ஏத்தி விடறதுதான் நடக்கும்.

அதனால "விவசாயிக்கு விழிப்புணர்வு இல்ல"ன்னு சொல்றதை நான் ஒத்துக்க மாட்டேன். அவங்க விலையை ரொம்பச் சரியா படிக்கிறாங்க. எடைக்குக் காசு கொடுத்தா எடை வரும். தானியத்தோட காய்ஞ்ச பகுதிக்குக் காசு கொடுத்தா காய்ஞ்ச தானியம் வரும். ஈரமானியை விவசாயி கண்ணு முன்னாடி வெச்சு, ஒவ்வொரு சதவீதத்துக்கும் எவ்வளவு கூடும், எவ்வளவு குறையும்னு முன்கூட்டியே எழுதிப் போடறதுதான் மாற்றம். உழவர் உற்பத்தியாளர் நிறுவனம், ஒழுங்குமுறை விற்பனைக்கூடம், 2016ல ஆரம்பிச்ச இ-நாம், இதுக்கெல்லாம் அர்த்தமே அங்கதான் இருக்கு. கூடவே ஊருக்கு ஒரு பொதுக் களமும், மழை வாரத்துக்கு வாடகை உலர்த்தி மெஷினும் வேணும்.

மூட்டைக்குள்ள நடக்கிறது

சரி, காய வெச்சாச்சு. அடுத்து? வெயில்ல இருந்து எடுத்த தானியத்தைச் சூடா மூட்டை கட்டக்கூடாது. நிழல்ல ஆறவிடணும். சூடான தானியம் ராத்திரி குளிரும்போது ஈரம் நகர்ந்து ஒரு இடத்துல வேர்க்கும். சில்வர் டிபன் பாக்ஸ்ல சூடு சோறு போட்டு மூடினா மூடியில முத்து முத்தா நிற்குதே, அதேதான்.

மூட்டையை நேரா தரையில அடுக்கக் கூடாது. அடியில மரச்சட்டம், சுவத்துல இருந்து ஒரு முழம் இடைவெளி. உடைஞ்ச மணி, தூசி, சக்கையைச் சலிச்சு எடுக்கணும். வண்டும் பூஞ்சணமும் முதல்ல தொடறது உடைஞ்ச மணியைத்தான்.

மூக்கு வண்டு குடோன்ல வந்து ஏறுதுன்னு நினைக்கிறோம். பல நேரம் காட்டுலயே மணிக்குள்ள முட்டை வெச்சு, மூட்டையோட சேர்ந்தே பயணம் பண்ணுது. இதுக்குக் கோவை வேளாண் பல்கலைக்கழகம் ஒரு எளிய பொறி வடிவமைச்சிருக்கு. ஓட்டை போட்ட குழாயைத் தானியத்துக்குள்ள சொருகி வெச்சா போதும். வண்டு காத்தோட்டம் இருக்கிற இடத்தைத் தேடிப் போகும், ஓட்டை வழியா குழாய்க்குள்ள விழும், ஏற முடியாது. கண்ணுல வண்டு தெரியறதுக்கு வாரங்களுக்கு முன்னாடியே எச்சரிக்கை கிடைச்சிரும்.

இன்னொரு வழி காத்துப் புகாத பை. அமெரிக்காவோட பர்டூ பல்கலைக்கழகம் கேமரூன் நாட்டுத் தட்டைப்பயறுக்காக 1980களோட கடைசியில உருவாக்கின மூணு அடுக்குப் பை இன்னைக்குப் பல நாடுகள்ல புழங்குது. உள்ள இருக்கிற பூச்சியே ஆக்சிஜனைத் தீர்த்துட்டு அடங்கிப் போயிரும், மருந்து தேவையில்ல. ஆனா ஈரமான தானியத்தை அதுல போட்டா புளிச்சு நாறும். பை எவ்வளவு நல்லதா இருந்தாலும் 14ங்கிற நம்பர்ல இருந்து தப்பிக்க முடியாது.

ஒரு எச்சரிக்கை. குடோனுக்குப் போடற புகை மாத்திரையை வீட்டுல, தூங்கற அறைக்குப் பக்கத்துல யாரும் போடாதீங்க. அதுல வர்ற பாஸ்பீன் வாயு ஆளையே கொல்லும்.

சோயா இன்னும் மென்மை

தீவனத்தோட அடுத்த பங்கு சோயா. பெரும்பாலும் மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிராவுல விளையறது. மக்காச்சோளத்துக்கு 14ன்னா சோயாவுக்கு 12. ஏன்? சோயாவுல சுமார் ஐந்துல ஒரு பங்கு எண்ணெய். எண்ணெய் தண்ணியைப் பிடிச்சு வைக்காது. அதனால அதே ஈரக் காத்துல சோயா குறைஞ்ச தண்ணியைத்தான் தாங்கும். அதுக்கு மேல போனா மீதிப் பகுதியில தண்ணி அதிகமாகிப் பூஞ்சணம் வந்துரும்.

தோலும் மெல்லிசு. மூட்டையை லாரியில இருந்து தூக்கிப் போட்டாலே விதை பிளக்கும். பிளந்த இடத்துல எண்ணெய் காத்தோட சேர்ந்து சிக்கு வாசம் வரும், எண்ணெயோட அமிலத்தன்மை ஏறும். சான்று பெற்ற சோயா விதைக்கு நம்ம நாட்டுல கேட்கிற முளைப்புத் திறனே 70 சதவீதம்தான், வீரிய மக்காச்சோளத்துக்கு 90. சேமிப்புல சோயா எவ்வளவு சீக்கிரம் சாகும்ங்கிறதை இந்த ரெண்டு நம்பரே சொல்லிரும். டோஃபு, சோயா பால் செய்யறவங்க கூடுதல் விலை கொடுக்கிறதும் உடையாத, நிறம் மாறாத மணிக்குத்தான்.

நம்ம சமையல்கட்டுல

இதே விதி நீங்க வாங்கற சிறுதானியத்துக்கும் பொருந்தும். கொல்லிமலையில சாமையை உமியோட சேமிச்சு, தேவைப்படறப்ப மட்டும் குத்தி எடுக்கிறது பழைய வழக்கம். உமிதான் அதோட இயற்கையான பேக்கிங். குத்தி அரிசியாக்கின அன்னைக்கே தவிட்டுல இருக்கிற கொழுப்புக்குக் கெடற கடிகாரம் ஓட ஆரம்பிக்கும். கம்பு மாவு கொஞ்ச நாள்லயே கசக்கறதும் இதனாலதான். கேழ்வரகு மட்டும் விதிவிலக்கு. முழுசா, காய்ஞ்சு இருந்தா வருஷக்கணக்குல தாங்கும்.

அதனால சாமை, தினை, வரகு அரிசி வாங்கறப்ப பேக் பண்ணின தேதியை மட்டும் பார்க்காம, எப்ப உமி நீக்கினாங்கன்னு கேளுங்க. சின்னப் பாக்கெட்டா வாங்குங்க, பிரிச்சதை ஃப்ரிட்ஜ்ல வைங்க. கம்பை முழுசா வாங்கித் தேவைக்கு அரைங்க. பூஞ்சணம் பிடிச்ச கடலை, சோளத்தைக் கழுவி உபயோகிக்காதீங்க, "மாட்டுக்குப் போடுவோம்"னும் கொடுக்காதீங்க. அது பால்ல திரும்பி வரும்.

கடைசியா ஒண்ணு. ஈரத்தை எடுக்கிற செலவு வாழப்பாடி காட்டுல விழுது. எடுக்காம விட்டா அதுக்கான விலையை நாமக்கல் கோழியும், தொழுவத்து மாடும், நம்ம கல்லீரலும் கொடுக்குது. இந்த ரெண்டு பில்லையும் ஒரே மேசையில வெச்சுப் பார்த்தா, காய வெச்ச ஏழு கிலோவுக்கு விவசாயிக்குக் காசு கொடுக்கிறதுதான் மலிவு.

உங்க ஊர்ல பொதுக் களம் இருக்கா, மண்டியில ஈரமானியைக் காட்டி விலை போடறாங்களா? தெரிஞ்சவங்க எழுதி அனுப்புங்க, அடுத்த எபிசோடுல படிக்கிறேன்.